ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எண்ணைப் பைத்தானில் எழுதுவது எப்படி?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் தால் பூரிக்காரரிடம் நீட்டிய 200 ரூபாய் நோட்டை மகள் பாதியில் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, இதுல தமிழ்ல எண் போட்டிருக்கே, அப்படின்னா 1968-ஐ எப்படி எழுதுவாங்க?" பள்ளியில் சுதந்திர தினப் பாடம் நடந்துகொண்டிருந்த வாரம். நான் முழித்தேன். 1998-இல் நோட்டின் மொழி வரிசையில் தமிழைக் கீழே தள்ளியதற்குக் கிளம்பிய எதிர்ப்பில், நோட்டையே மாற்றி அச்சடிக்க வைத்த சமூகம் நம்முடையது. எனக்கோ எண் எழுதத் தெரியவில்லை. அன்றிரவே நிரல் எழுத உட்கார்ந்தேன்.

பைத்தான் 3 என்ற நிரல்மொழியைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். நிரல் எழுதும் எடிட்டருக்குத் தோனி (Thonny) போதும் (கிரிக்கெட் தோனி இல்லை, எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது). புதிதாகப் படிப்பவருக்கு விஎஸ் கோடு வேண்டாம் என்பது என் பிடிவாதம். அதன் பட்டன்களைப் பழகவே ஒரு வாரம் போகும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள்.

முதல் படி சுலபம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழ்ச் சுழியம் 3046-ஆம் இடத்தில் இருக்கிறது, ௧ முதல் ௯ வரை அடுத்தடுத்து 3055 வரை. ஆகவே எந்த இலக்கத்தோடும் 3046-ஐக் கூட்டி எழுத்தாக மாற்றினால் தமிழ் இலக்கம் வந்துவிடும். 25 என்றால் ௨௫.

ஆனால் பழைய முறை இது இல்லை. அதில் சுழியமே கிடையாது. பத்துக்கு ௰ (3056), நூறுக்கு ௱ (3057), ஆயிரத்துக்கு ௲ (3058) என்று தனிக் குறிகள். 25 அங்கே ௨௰௫, அதாவது இரண்டு பத்து, ஐந்து.

இரண்டாம் படி: எண்ணை 1000-ஆல் வகுங்கள். ஈவு இருந்தால் ஈவை எழுதிப் பக்கத்தில் ௲ போடுங்கள். மீதியை 100-ஆல், அதன் மீதியை 10-ஆல் அப்படியே. கடைசியில் மிஞ்சுவது ஒன்றாம் இலக்கம். அது பூஜ்யமானால் எதையும் எழுத வேண்டாம்.

நான் சறுக்கியது இங்கேதான். என் நிரல் 1968-க்கு ௧௲௯௱௬௰௮ என்று துப்பியது. பார்த்தால் சரிபோலவே இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள்: "ஆயிரத்துத் தொள்ளாயிரம்" என்கிறோம், "ஓராயிரத்து" என்று தொடங்குவதில்லை. எழுத்திலும் அப்படியே. ஈவு 1 என்றால் குறி மட்டும், 1-ஐ விட அதிகமானால்தான் முன்னால் இலக்கம். அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் ௲௯௱௬௰௮ வந்தது. 11 ௰௧ ஆகவும், 2000 ௨௲ ஆகவும் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். 12,000 மாதிரி எண்ணுக்கு ஈவே 12 என்பதால், அந்த ஈவை இதே ஃபங்ஷனுக்குள் திரும்ப அனுப்ப வேண்டும்: ௰௨௲. நான் 99,999-ஓடு நிறுத்திக்கொண்டேன்.

பின்சேர்க்கை: தமிழ் எண்ணைத் தட்டினால் சாதாரண எண்ணாக வர வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டார். எழுத்தை எண்ணாக்கும் பைத்தானின் இன்ட் (int) ஃபங்ஷனுக்கு ௧௨ கொடுத்தால் சமர்த்தாக 12 தருகிறது. ௰ கொடுத்தால் பிழை. அது இடமதிப்பு இலக்கம் இல்லையே. பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா (unicodedata) தொகுதியில் உள்ள நியூமெரிக்கைக் (numeric) கேட்டால் 10.0 என்று சொல்லும்.

மறுநாளே அவர் திரும்பி வந்தார், ௧௨-உம் வேலை செய்யவில்லை என்று. பார்த்தால் ௧-க்குப் பதில் க, ௨-க்குப் பதில் உ தட்டியிருக்கிறார்! கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த எழுத்துக்குப் பதில் எது என்று மாற்று அட்டவணை போட, பைத்தானின் மேக்டிரான்ஸை (maketrans) எடுத்தேன். க, உ, எ, அ எல்லாம் போயின, ௫-க்காக 'ரு' சேர்த்ததும் முரண்டு பிடித்தது. நமக்கு ஒரே எழுத்தான ரு, கணினிக்கு ர-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. மேக்டிரான்ஸின் அட்டவணை ஒற்றை எழுத்துகளை மட்டுமே மாற்றும். ரு, ௬ போலத் தெரியும் சு, இரண்டுக்கும் ரீப்ளேஸ் (replace) போடுங்கள், அதுவும் அட்டவணைக்கு முன்னால்.