கிரெடிட் இல்லாத வகுப்புக்குச் சுருக்கமான விண்ணப்பம்: என் அனுபவம்

கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வு, குறுகிய காலத் தொழிற்பயிற்சி போன்ற கிரெடிட் இல்லாத (அதாவது பட்டத்துக்கான கணக்கில் சேராத) வகுப்புகளுக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. ஆனாலும் பலர் விண்ணப்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். வழக்கமான பட்டப்படிப்பு விண்ணப்பத்தை அவர்களிடம் நீட்டுவதுதான் காரணம். அதிலுள்ள மாநில வசிப்புக் கேள்விகள், எவ்வளவு கட்டணம் என்று முடிவு செய்ய வைத்தவை. கட்டணமே இல்லாதவரிடம் அவை எதற்கு? "எப்போது இங்கே குடிவந்தீர்கள்?" என்ற இடத்திலேயே பயந்து மூடிவிடுகிறார்கள்.

இந்தக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத் தளமான சிசிசி அப்ளையில் (CCCApply) இவர்களுக்கென்றே தனி விண்ணப்பம் உண்டு. வசிப்புப் பகுதி அதில் வராது. உதவி மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் குறியீட்டை நேரே அதற்கு மாற்றினோம். பெரிய தடை நீங்கியது.

விண்ணப்பத்தில் எந்தப் பருவத்தில் சேர்வது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் காலியாக வந்தால் மாணவரைக் குறை சொல்லாதீர்கள். கல்லூரி தன் நிர்வாகப் பகுதியில் அந்தப் பருவத்தை ஏற்றவில்லை என்று பொருள்.

கணக்குத் திறக்க ஆளுக்கொரு மின்னஞ்சல் வேண்டும். மகனுடையதை அம்மாவுக்கும் போட்டால் சிக்கல்தான். அமெரிக்க அரசு தரும் 9 இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண் (SSN) இல்லாதவர்கள் அதற்குரிய கட்டத்தில் டிக் செய்தால் போதும், 9 பூஜ்யங்களை அடிக்க வேண்டாம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஒரே ஆளுக்கு இரண்டு மாணவர் எண் விழக்கூடும். பிறகு அதை ஒன்றாக்குவது பெரும்பாடு.