பழைய அம்பாசிடருக்கு ஐந்து கியர் பெட்டி: பூட்டுவதற்கு முன் அளக்க வேண்டியவை

அம்பாசிடரைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். 1489 சிசி எஞ்சின் நன்றாக இருக்கும், அப்பாரு காலத்து எஞ்சின் என்பதால் மாற்ற மனம் வராது. நான்கு கியர் பெட்டிதான் பல் தேய்ந்து ஊளையிடும். தொண்ணூறுகளில் இசுசு 1817 சிசி எஞ்சினோடு வந்த ஐந்து கியர் பெட்டி ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, ரெண்டும் அம்பாசிடர்தானுங்களே, ஏறாதுங்களா?" என்று கேட்பார்கள்.

ஏறும். ஆனால் பெயர்தான் ஒன்று. பழையது மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழியில் வந்தது, இஞ்சுக் கணக்கு. புதியது ஜப்பான் வழி, மில்லிமீட்டர் கணக்கு. பழைய எஞ்சினுக்கும் புதிய பெட்டிக்கும் நடுவே ஒரு அடாப்டர் பிளேட், அதாவது இணைப்புத் தகடு, வேண்டும். கோவை கணபதியில் லேத் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் இந்த மாதிரி வேலைகளில் போல்ட் துளை சரியாக இருக்கும், நடுமையம் விலகியிருக்கும். ஆகவே போல்ட்டைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் இன்புட் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் தண்டு. அதன் மேல் நீளவாக்கில் இருக்கும் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள், வெளி விட்டத்தை வெர்னியரில் எடுங்கள். கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் இந்த ஷாஃப்டுக்குச் சேர்ந்தது. பிரஷர் பிளேட்டும் லைனிங் விட்டமும் எஞ்சின் பிளைவீலுக்குச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பொருந்தும் பிளேட் கடையில் கிடைக்காவிட்டால், லைனிங் அடிக்கிற கடையில் ஒன்றின் ஹப்பை இன்னொன்றில் வைத்து ரிவெட் அடித்துத் தருவார்கள். வாங்கி வந்ததும் ஷாஃப்டில் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், பக்கவாட்டில் லொடலொடக்கக் கூடாது. அரம் போட்டு ஏற்றிய ஹப்பை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

அடுத்தது ஷாஃப்டின் மூக்கு. அது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனையில் உள்ள பைலட் புஷ் என்ற சிறு உலோக வளையத்துக்குள் உட்கார வேண்டும். நடுவே பிளேட் வைத்தால் பெட்டி அதன் கனத்துக்குப் பின்னால் தள்ளிப் போகும். மூக்கு புஷ்ஷை எட்டாமல் போகலாம், அல்லது நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கலாம். நீளமான கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டால் சரியாகும். கிராங்கில் அடித்து இறக்கியதும் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால் இறக்கிய பிறகு மறுபடி அளந்து, ரீமர் போட்டுத் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு நான் சப்பாத்தி மாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் துளையின் அடியில் வைத்து, பெட்டியைக் கையால் தள்ளிப் பொருத்திவிட்டு மறுபடி கழற்றுவேன். நசுங்கிய மாவின் கனம்தான் மிச்ச இடைவெளி. 2, 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மாவு காகிதம் போல ஆகிவிட்டால் மூக்கு முட்டுகிறது என்று பொருள். அப்படியே போல்ட்டை முறுக்கினால் கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விடும். பார்த்து முடித்ததும் மாவைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

இனி மையம். இதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அவசரமே வேண்டாம். பிளேட்டின் முகத்தையும் நடுத் துளையையும் லேத்தில் ஒரே பிடியில் கடைய வேண்டும். கழற்றி மறுபடி மாட்டினால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாயும். எஞ்சினில் பிளேட்டைப் பூட்டி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்தக் காலைப் பிளைவீலில் நிறுத்தி, அதன் தொடுமுனையை நடுத் துளையின் சுவரில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். முள் மொத்தமாக ஆடியதில் பாதிதான் மைய விலகல். மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள், அதாவது இஞ்சில் ஆயிரத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டும். தொடுமுனையைப் பிளேட்டின் முகத்தில் வைத்து இன்னொரு சுற்று பாருங்கள், அங்கேயும் இதே கணக்குதான். கியர்பாக்ஸ் பக்கத்து டவல் பின் (பெட்டியை இடம் விலகாமல் நிறுத்தும் ஊசி) துளைகளை இன்புட் ஷாஃப்ட் பேரிங் துளையின் மையத்திலிருந்து அளந்து போட வேண்டும். பழைய போல்ட் துளையிலிருந்து அளந்தால் எங்கேயோ போய் நிற்கும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த காரில் மூன்றாவது கியர் போட்டால் தானே கழன்றுகொண்டிருந்தது. பெட்டியை இரண்டு முறை பிரித்துப் பல் மாற்றியிருந்தார்கள். புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மையத்தைச் சரி செய்தோம், கியர் கழல்வது நின்றது.

சரி, இப்போது போல்ட். எஞ்சின் பக்கம் இரண்டரை நூல் (5/16 இஞ்சு) போல்ட், விட்டம் 7.94 மில்லிமீட்டர். பெட்டிப் பக்கம் எம்8. இரண்டரை நூலுக்கான அரை இஞ்சு ஸ்பேனர் 12.7, எம்8-க்கு 13. கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மரை வேறு. எம்8-ஐ இரண்டரை நூல் துளையில் விட்டால் ஓரிரு சுற்று ஏறி இறுகும், பிடித்துவிட்டது என்று நினைத்து முறுக்கினால் மரை உரிந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டப்பா வையுங்கள். பெட்டியை ஏற்றும்போது போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். கடைசி விரல்கடை தூரமும் கைத்தள்ளலிலேயே மூட வேண்டும்.

பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் பின்பட்டை தொங்கி அளவு மாறிவிடும். முன்பின் வழுக்கும் முனையான ஸ்லிப் யோக் முழுதாக உள்ளே போகாமல் 20, 25 மில்லிமீட்டர் மிச்சம் விடுங்கள். வெல்டு வைக்கும்போது இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நேராக இருக்க வேண்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஷாஃப்ட் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்தால் பேலன்ஸும் பார்த்துத் தருவார்கள். பெட்டியின் பின்முனையும் பின் ஆக்ஸிலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்திருக்கட்டும். ஷாஃப்ட் மடங்கும் மூட்டான கிராஸில் ஒரு டிகிரியாவது கோணம் வேண்டும். இல்லையென்றால் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

பின் ஆக்ஸிலின் விகிதம் (சக்கரங்களின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற எண்) தெரியாவிட்டால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் விட்டு, மற்றது சுற்றாமல் நிற்பதால் இதை இரண்டு முழுச் சுற்று சுற்றி ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம். ஸ்பீடோமீட்டர் கியர் தேர்வுக்கும் இந்த எண் தேவைப்படும்.

கியர் ஆயிலில் ஜிஎல்-4 என்ற தரத்தைக் கேட்டு வாங்குங்கள். பல ஜிஎல்-5 ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும்.

முதல் ஓட்டம் சமதரையில், அவிநாசி ரோட்டில் போய்த் திரும்புங்கள். அப்புறம் திம்பம் ஏறுங்கள். 27 கொண்டை ஊசி வளைவில் இரண்டாவதும் மூன்றாவதும் மாறி மாறி விழும். இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கியர் கழல்கிறதா என்று கவனியுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வெள்ளைத் தட்டில் இறக்கி, காந்தத்தை விட்டுப் பாருங்கள். காந்தத்தில் மாவு போல ஒட்டுவது புதுப் பற்கள் பழகியதன் இரும்புத் தூள், கவலை இல்லை. செதிலாக ஒட்டினாலோ, காந்தத்துக்கு வராமல் தட்டில் மஞ்சளாக மினுங்கினாலோ பெட்டியை இறக்கிவிடுங்கள்.