வெளிநாட்டு வாடகை வீட்டில் சௌகரியமாக இருப்பது எப்படி: முதல் குளிர்காலத்துக்கான செய்முறை

எல்லாம் இருக்கிறது, ஆனாலும் வீட்டில் இருக்கிற மாதிரி இல்லை. வெளிநாட்டில் புதிதாகக் குடியேறும் பலரும் இதைச் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. உடம்பு எதைத் தேடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி கையால் சரிசெய்யக்கூடியது என்று தெரிந்தது. வீடு பார்த்து, ஒப்பந்தம் போட்டு, சாவி வாங்கியாயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

படி 1: வாங்குவதற்கு முன் எழுதுங்கள்

முதல் சில நாட்கள் அவசியமானவை தவிர எதையும் வாங்காதீர்கள். ஒரு தாளில் எப்போது, எந்த இடத்தில், என்ன குறை என்று எழுதி வாருங்கள். "குளிராக இருக்கிறது" என்று எழுதினால் பயனில்லை. "ராத்திரி மேஜையில் உட்கார்ந்தால் கால் மட்டும் சில்லிடுகிறது" என்று எழுதினால், தேவை புது ஹீட்டர் அல்ல, காலுக்குக் கீழே ஒரு கனமான விரிப்பு என்று தெரிந்துவிடும்.

அதே தாளின் மறுபக்கத்தில் நன்றாக இருந்ததையும் எழுதுங்கள். காலையில் வெயில் விழும் மூலை, காற்று புகாத ஒரு சுவர், சத்தம் குறைவான அறை. நாற்காலியையும் கட்டிலையும் எங்கே போடுவது என்பதை இந்தப் பக்கம்தான் தீர்மானிக்கும்.

படி 2: செருகுவதற்கு முன் படியுங்கள்

சார்ஜரில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். சூடாக்கும் சாதனங்கள் வேறு கதை. 240 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட்டில் செருகினால் கிடைப்பது கால்பங்கு சக்திதான், ஏனென்றால் வோல்டேஜ் பாதியானால் சக்தி நாலில் ஒன்றாகும். 120 வோல்ட் சாதனத்தை 240 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மூன்றையும் போன இடத்திலேயே வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சுமந்து போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: ரேடியேட்டர்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் ரேடியேட்டரின் பக்கத்தில் 1 முதல் 5 வரை எண்கள் உள்ள திருகு இருக்கும். அது மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி வேலை செய்வதில்லை. அந்த எண் வேகத்தைக் குறிப்பதில்லை, அறை எட்ட வேண்டிய வெப்பநிலையைக் குறிக்கிறது. பொதுவாக 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். 5-ல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 20 டிகிரியைத் தாண்டியும் நிற்காமல் சூடாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். 3-ல் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

அந்தத் திருகுக்குள்ளேயே வெப்பத்தை உணரும் பாகம் இருக்கிறது. திரைச்சீலையோ சோபாவோ அதை மூடினால் அங்கே மட்டும் வெப்பம் தேங்கும். அறை சூடாகிவிட்டது என்று நினைத்து வால்வு மூடிக்கொள்ளும், நீங்கள் நடுங்கிக்கொண்டிருப்பீர்கள். முதலில் திரைச்சீலையைக் குட்டையாக்குங்கள்.

அப்படியும் சூடு வரவில்லையா? ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். கீழே சூடாகவும் மேலே ஜில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை அதற்கான சாவியால் மெதுவாக அரைச்சுற்றுக்குள் திருப்புங்கள். அடியில் ஒரு துணியும் கிண்ணமும் வேண்டும். புஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள். வீட்டுக்குள் தனி பாய்லர் (ரேடியேட்டருக்கு வெந்நீர் காய்ச்சி அனுப்பும் கருவி) இருந்தால் அதன் அழுத்தமானியைப் பாருங்கள். வழக்கமாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். கட்டடம் முழுவதற்கும் ஒரே அமைப்பு என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

படி 4: ஈரம்

மழை பெய்கிறது, குளிர்கிறது, அதனால் ஜன்னலை மூடியே வைப்போம் என்றுதான் தோன்றும். ஆனால் சுவரின் மூலையில் கருப்பாகப் பூஞ்சை பிடிப்பது இதனால்தான். 0 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரி காற்று 17 கிராம் தாங்கும். வெளியே மழையே பெய்தாலும், அந்தக் குளிர்காற்று உள்ளே வந்து சூடானதும் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஆகவே ரேடியேட்டர் திருகை மூடிவிட்டு, ஜன்னல்களை அகலமாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடுங்கள். நாளெல்லாம் ஓரிடுக்கில் திறந்து வைப்பதை விட இது நல்லது, சுவர் குளிர்ந்துபோகாது. வெக்கையும் புழுக்கமும் உள்ள நாடுகளில் இந்தக் கணக்கு தலைகீழ்.

காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் என்ற சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். விலை குறைந்தது போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளி வையுங்கள்.

படி 5: வெளிச்சமும் படுக்கையும்

கூரையில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு இருக்கும் அறையில் மாலை நேரம் மனதைப் பிசையும். 2700 கெல்வின் (மஞ்சள் சாயலான வெளிச்சம்) பல்பு போட்ட மேஜை விளக்குகள் இரண்டு வாங்கி, கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். வாங்கும் முன் பல்பின் அடிப்பகுதி திருகும் வகையா, குத்தித் திருப்பும் வகையா என்று பாருங்கள்.

மெத்தை அளவுகள் நாட்டுக்கு நாடு மாறும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்த பிறகே விரிப்பு வாங்குங்கள். பழைய மெத்தையை மாற்ற முடியாவிட்டால் மேலே போடும் மெல்லிய மெத்தை ஒன்று போதும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 6: வீட்டுக்குப் போன் செய்யுங்கள்

இதையும் ஒரு படியாகவே வைத்திருக்கிறேன். காய்ந்த துண்டு, உலர்ந்த போர்வை, சரியான நேரத்தில் போடப்பட்ட விளக்கு, இவற்றை எல்லாம் வீட்டில் யாரோ ஒருவர் தினமும் கவனித்துச் செய்துகொண்டிருந்தார். அவரிடமே கேளுங்கள்: போர்வையை எப்போது வெயிலில் போடுவீர்கள், துண்டில் வாடை வராமல் எப்படி வைத்திருந்தீர்கள். எனக்கு வந்த பதில்களில் நான் எங்கும் படிக்காத விஷயங்கள் இருந்தன. அப்புறம், இத்தனை வருஷம் அதைச் செய்ததற்கு அவருக்கு நன்றியும் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தவை

துணியை அறைக்குள்தான் காயவைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஓர் அறையை மட்டும் அதற்கு ஒதுக்கி, கதவைச் சாத்தி, அந்த அறை ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மேலேயே துணி போட வேண்டாம்.

குளிர்காலத்தில் ஊருக்குப் போகும்போது ரேடியேட்டரை முழுவதும் அணைக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டாம். குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். எண்கள் உள்ள திருகில் பனிச்செதில் (❄) சின்னம் ஒன்று இருக்கும், அதில் வைத்துவிட்டுப் போங்கள். பாய்லர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் என்பதால், மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.