இறைவனைத் தந்தையாக எண்ணி ஜெபிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பல வீடுகளில் கல்லூரி செல்லும் மகன்கூடத் தேர்வுக் கட்டணத்தை அப்பாவிடம் நேராகக் கேட்பதில்லை. அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் “நீயே அப்பாகிட்ட சொல்லும்மா” என்று முணுமுணுத்துவிட்டு, திண்ணையில் இருமல் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் நழுவிவிடுகிறான். வீட்டில் அது மரியாதையாகவே கருதப்படுகிறது. அந்த வழக்கத்தை அப்படியே ஜெபத்துக்குள் கொண்டுவருவதுதான் நம் பக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் தவறு. “பாஸ்டர் ஜெபித்தால்தான் ஆண்டவர் கேட்பார்” என்று ஜெபக்குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, தாம் ஒரு வார்த்தையும் பேசாதிருப்பவர்கள் பலர். ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி வேதாகமத்தில் யாக்கோபு 5:16 கூறுவதால், பிறரிடம் ஜெபம் கேட்பதில் குற்றமில்லை. தன் ஜெபத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளும்போதுதான் பிழையாகிறது. தனியறையில் கதவை அடைத்துக்கொண்டு பிதாவிடம் பேசும்படி மத்தேயு 6-இல் சொன்ன இயேசு, நாம் கேட்பதற்கு முன்பே நம் தேவையை அவர் அறிந்திருக்கிறார் என்றும் சொன்னார். எனவே, சொற்கள் கோர்வையாக வரவில்லையே என்று தயங்கவும் வேண்டியதில்லை.

அடுத்த தவறு, தந்தையிடம் கூலிக்காரனைப் போலக் கணக்குப் பார்ப்பது; அது பக்தியுள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது. லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதையில், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளைய மகன், கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்கலாமென்று பன்றி மேய்க்கும் இடத்திலேயே பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் அவன் வாயிலிருந்து வருவதற்குள் தகப்பன் வேலைக்காரரிடம் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். வீட்டைவிட்டு ஒருநாளும் போகாத மூத்தவனோ, இத்தனை வருஷம் உழைத்தும் ஓர் ஆட்டுக்குட்டி கூடக் கிடைக்கவில்லையே என்று கூலிக்காரனைப் போலவே கணக்குக் கேட்கிறான். மகளுக்கு வரன் அமைந்தால் இன்னது செய்கிறேன் என்று பேரம் பேசும் பொருத்தனையிலும், இத்தனை நாள் உபவாசமிருந்தேனே என்ற மனத்தாங்கலிலும் ஒலிப்பது அந்த மூத்தவனின் குரல்தான் என்பது என் எண்ணம். நன்றியாகக் காணிக்கை படைப்பது வேறு.

கேட்டது கிடைக்காதபோது தந்தை கோபமாயிருக்கிறார் என்று முடிவுகட்டுவதும் தவறு. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் “அப்பா பிதாவே” என்று அழைத்து, பாடுகளாகிய அந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும்படி வேண்டியவர் இயேசுவே; பாத்திரம் எடுக்கப்படவில்லை. இதைவிடக் கொடியது, பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று, “அப்பா உன்னைச் சிட்சிக்கிறார், கண்டித்துத் திருத்துகிறார்” என்று தீர்ப்புச் சொல்வது. எபிரெயர் 12 சிட்சையைப் பற்றிப் பேசுவது உண்மைதான். ஆனால் அது துன்பப்படுகிறவர் தாமே பற்றிக்கொள்ள எழுதப்பட்ட ஆறுதல். பிறர் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன யோபின் நண்பர்கள் கடவுளிடமே கண்டனம் பெற்றார்கள்.

குடித்துவிட்டு வந்து அடித்த அப்பாவிடம் வளர்ந்த ஒருவருக்கு ‘பிதாவே’ என்று தொடங்குவதே தொண்டையில் அடைக்கக்கூடும். அவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று கடிந்துகொள்ளக் கூடாது. நம் அப்பாவைப் பெரிதாக்கிப் பரலோகத்தில் உட்காரவைத்தால் வருபவர் பிதா அல்லர் என்பதை அவர் நம்மைவிட நன்றாக அறிந்தவர். தாய் தகப்பன் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்னும் 27-ஆம் சங்கீதத்திலிருந்தோ, தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்னும் ஏசாயா 66:13-இலிருந்தோ அவர் ஜெபத்தைத் தொடங்கட்டும். ‘பிதாவே’ என்ற சொல் வாயில் வர எவ்வளவு காலமானாலும் ஆகட்டும்.