மிதமாக மிதிப்பதற்கு அளவு கிடைத்தது

மாரடைப்புக்குப் பின் சைக்கிள் ஓட மருத்துவர் அனுமதித்தார், "மிதமாக" என்றார். மிதம் எவ்வளவு? 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத்துடிப்பை மதிப்பிடும் கணக்கு எனக்குப் பொருந்தவில்லை. பீட்டா புளொக்கர் குளிசை இதயத்துடிப்பை அடக்கி வைப்பதால், களைத்த பின்னும் கைக்கடிகாரத்தில் எண் ஏறாது. வேகத்தையும் நம்ப முடியாது: வெள்ளவத்தை மரைன் டிரைவில் எதிர்க்காற்று அடித்தால் அதே வேகத்துக்கே மூச்சு வாங்கும்.

இயன்மருத்துவர் காட்டிய போர்க் அளவுகோல்தான் கைகொடுத்தது. உடல் எவ்வளவு சிரமப்படுகிறது என்று நாமே உணர்ந்து எண் கொடுப்பது அது; சிரமமே இல்லாத 6 முதல் உச்ச சிரமமான 20 வரை போகும். 12, 13இல் நின்றால் மிதம். கூடவே, பக்கத்தில் வரும் மகனிடம் பேசிப் பார்ப்பேன். "தம்பி, அந்த ரயில் பாணந்துறைக்கா போகிறது?" என்று ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் சரி. "தம்பி"யோடு மூச்சு முட்டினால் கியரைக் குறைப்பேன். பாட்டே வருகிறதென்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தலாம். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ எந்த எண்ணையும் பார்க்காமல் உடனே நிறுத்திவிட வேண்டும்.