கிராங்க்பெயிட் போட எந்த ராடு வாங்கலாம்?

பாஸ் மீன் கிராங்க்பெயிட்டை (சுற்றி இழுக்கும்போது மூழ்கி ஆடி ஓடுகிற செயற்கை இரை, அதாவது ஒரு வகை லூர்) கவ்வுகிறது, பாதி தூரம் வருகிறது, ஒரு துள்ளு துள்ளியதும் கழன்றுவிடுகிறது. முள்ளைக் கூராக்கியாச்சு, தூண்டில் நரம்பையும் மாற்றியாச்சு, அப்படியும் இதே கதைதான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ராடை, அதாவது தூண்டில் கோலைத்தான். ஜிக்குக்கோ (கனத்த தலையுள்ள ஒற்றை முள் லூர்) ரப்பர் புழுவுக்கோ வாங்கிய விறைப்பான ராடிலேயே கிராங்க்பெயிட்டையும் கட்டிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது நல்ல ராடாகவே இருக்கலாம், விலை கூடியதாகவும் இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்குச் சரிப்படாது. கிராங்க்பெயிட்டுக்கு வேண்டியது வளைந்து கொடுக்கிற ராடு. எவ்வளவு பலம் என்பதெல்லாம் அப்புறம், எந்த இடம் வரை வளைகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ஜிக்கில் இருப்பது தடித்த ஒற்றை முள். அதைத் தாடைக்குள் இறக்க விறைப்பான ராடும் பலமாக ஒரு சுண்டு சுண்டுவதும் தேவை, ஆனால் ஒரு தடவை இறங்கிவிட்டால் லேசில் கழலாது. கிராங்க்பெயிட்டில் இருப்பது பெரும்பாலும் இரண்டு ட்ரெபிள் ஹூக், அதாவது ஒரே தண்டில் மூன்று முனை உள்ள சின்ன முள். கம்பி மெல்லியது, கொக்கியின் வாயும் சின்னது, அதனால் பல நேரம் உதட்டோரத்து மெல்லிய சவ்வில் ஒரு முனையோ இரண்டு முனையோ மட்டும்தான் மாட்டியிருக்கும். மீன் தண்ணீருக்கு மேலே வந்து, வாயை அகலத் திறந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறுகிற நேரத்தைக் கவனித்துப் பாருங்கள்: லூரின் எடையே அந்த முள்ளை ஆட்டி ஆட்டி ஓட்டையைப் பெரிதாக்கும். அப்போது கையில் இருப்பது விறைப்பான ராடு என்றால் நரம்பு ஒரு கணம் தொய்ந்து அடுத்த கணம் வெடுக்கென்று இழுபடும், ஒன்று முள் கழலும், இல்லையென்றால் சவ்வு கிழியும். நடுப்பகுதி வரை வளைந்து நிற்கிற ராடு, மீன் உதற உதற வளைவைக் கூட்டியும் குறைத்தும் நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருக்கும்.

கடிக்கும் நேரத்திலும் இதே கதைதான். பாஸ் பல சமயம் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். நாம் சுற்றிக்கொண்டிருக்கிற லூரை அது உறிஞ்சும்போது நுனி கொஞ்சம் இளகிக் கொடுத்தால்தான் லூர் முழுசாக உள்ளே போகும். விறைப்பான ராடு சின்னத் தட்டலையும் உடனே கைக்குக் கொண்டுவந்துவிடும், நாமும் பதறிச் சுண்டிவிடுவோம், லூர் வாய்க்குள் போவதற்குள் வெளியே வந்துவிடும். உணர்த்தும் திறன் அதிகம் என்று சொல்லி விற்கப்படுகிற ராடு எல்லா வேலைக்கும் நல்லது என்ற எண்ணத்தை இந்த ஒரு விஷயத்தில் கைவிட்டுவிடலாம்.

சரி, கடையில் ராடைக் கையில் எடுத்தால் பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நாலு விவரம் இருக்கும்: பவர், ஆக்‌ஷன், தாங்கும் நரம்பு, தாங்கும் லூர் எடை. பவர் என்பது அதை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று போகும். ஆக்‌ஷன் என்பது எந்த இடம் வரை வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வளையும், மாடரேட் என்றால் நடுப்பகுதி வரை இறங்கும், ஸ்லோ என்றால் கிட்டத்தட்ட பிடி வரை வளையும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மீடியம் ஹெவி பவரும் மாடரேட் ஆக்‌ஷனும் ஒரே ராடில் தாராளமாக இருக்கலாம், பெரிய கிராங்க்பெயிட்டுக்குத் தேவைப்படுவதே அதுதான். நமக்கு வேண்டியது மாடரேட், அல்லது கொஞ்சம் வேகம் கூடிய மாடரேட் ஃபாஸ்ட். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் மீடியம் என்பதை இன்னொருவர் மீடியம் ஹெவி என்பார். லூர் எடையைக் கிராமிலோ அவுன்ஸிலோ போட்டிருப்பார்களே, ஓரளவு நம்பி ஒப்பிட அதுதான் உதவும்.

எதனால் செய்தது என்பது அடுத்த கேள்வி. ஃபைபர்கிளாஸ் இயல்பிலேயே மெதுவாக வளைந்து மெதுவாக நிமிரும், அடிபட்டாலும் சட்டென்று உடையாது, கிராங்க்பெயிட்டுக்குப் பொருத்தமான குணம். குறை என்னவென்றால் கனம். நாள் முழுக்க வீசிச் சுற்றினால் மணிக்கட்டு சொல்லும். கிராஃபைட் (கார்பன் இழை) எடை குறைவு, நிமிர்வதும் வேகம். வளைகிற இடத்தைக் கீழே கொண்டுவந்து மாடரேட்டாகச் செய்த கிராஃபைட் ராடுகளும் கிடைக்கின்றன, மோசமில்லை. இரண்டையும் கலந்து செய்கிற காம்போசிட் இருக்கிறதே, என் ஓட்டு அதற்குத்தான். கிளாஸின் இளக்கத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும், கையும் வலிக்காது, லூரின் நாக்கு (அதை மூழ்க வைக்கிற முன்பக்கத் தகடு) கல்லில் உரசுகிறதா மரத்தில் இடிக்கிறதா என்பதும் ஓரளவு தெரியும்.

இனி எந்தக் கிராங்க்பெயிட் என்று பார்க்கணும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் ஒத்துவராது.

ஸ்கொயர்பில் எனப்படும் சதுர நாக்கு வகை பெரும்பாலும் 3 முதல் 6 அடி ஆழத்துக்குள் ஓடும். மூழ்கிய மரம், கட்டை, பாறை என்று எதிலாவது இடித்து விலகி ஓடும்போதுதான் மீன் பாயும். இதற்கு நீண்ட வீச்சைவிடக் குறி முக்கியம், அதனால் ஆறரை முதல் 7 அடி நீளம், மீடியம் பவர், 7 முதல் 14 கிராம் வரை தாங்குகிற ராடு போதும். 8 முதல் 12 அடி ஆழம் போகிற நடுத்தர வகைக்கு 7 அடி ராடு, பவர் மீடியமோ மீடியம் ஹெவியோ.

ஆழமாக மூழ்குகிற வகைதான் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டியது. 15 அடிக்குக் கீழே போகிற லூருக்கு நாக்கு நீளமாக, அகலமாக இருக்கும், எடையும் 20 கிராமைத் தாண்டிவிடும். இந்த லூர் விழுந்த இடத்திலேயே அடிக்குப் போய்விடாது, சுற்றச் சுற்றச் சாய்வாக இறங்கித்தான் முழு ஆழத்தைத் தொடும், பிறகு நம் பக்கம் நெருங்க நெருங்க மேலே ஏறிவிடும். ஆக, வீச்சு குறைந்தால் மீன் இருக்கிற ஆழத்தில் லூர் ஓடுகிற தூரம் வெகுவாகக் குறைந்துபோகும், சில சமயம் அந்த ஆழத்தைத் தொடவே தொடாது. அதனால்தான் இதற்கு ஏழரை முதல் 8 அடி நீள ராடைச் சொல்கிறார்கள். நீளம் கூடினால் வீச்சும் கூடும், தூரத்தில் கடித்த மீனிடம் நரம்பின் தொய்வை ஒரே இழுப்பில் எடுக்கவும் முடியும். பவர் மீடியம் ஹெவி அல்லது ஹெவி, ஆனால் ஆக்‌ஷன் அப்போதும் மாடரேட்தான், அதில் சமரசம் வேண்டாம். பிடியின் பின்பகுதி முன்கையில் அண்டி நிற்கிற நீளத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அகல நாக்கு தண்ணீரைத் தள்ளுகிற இழுவை பலமானது, மணிக்கட்டால் மட்டும் தாங்கினால் அரை நாளில் சோர்ந்துவிடுவீர்கள்.

நாக்கே இல்லாத லிப்லெஸ் வகை கொஞ்சம் விதிவிலக்கு. அதை நீர்ச்செடிகளுக்கு மேலே ஓட்டும்போது செடியில் சிக்கும், சிக்கியதை வெடுக்கென்று பிடுங்கி விடுவிக்கிற அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும். முழுக்க இளகிய கிளாஸ் ராடால் அப்படிப் பிடுங்க முடியாது. மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட், காம்போசிட் அல்லது கிராஃபைட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். ரீலைப் பொருத்தி, நரம்பை எல்லா வளையங்கள் வழியாகவும் கோத்து, உங்களோடு வந்தவரிடம் ராடின் நுனியைத் தொடாமல் நரம்பை மட்டும் பிடித்து மெதுவாகக் கீழே இழுக்கச் சொல்லுங்கள். நுனியைக் கையால் பிடித்து வளைத்தால் ராடு உடையக்கூடும். நீங்கள் ராடை நாற்பத்தைந்து பாகைக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். நுனி மட்டும் மடங்கி மற்றது கம்பி மாதிரி நேராக நின்றால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். வளைவு நுனியில் தொடங்கி ஒரே சீராக நடுப்பகுதி வரை இறங்கி, அடிப்பகுதியில் மட்டும் விறைப்பு மிச்சம் இருந்தால் அதுதான் நாம் தேடுவது. அப்புறம் ஒரு பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் சுற்றித் துடையுங்கள். எங்காவது நூல் பிரிந்து சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, அது நரம்பை அறுக்கும். நுனியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் வளையங்கள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.

ரீல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய, ஆழ வகை லூருக்கு கியர் விகிதம் 5க்கு 1 (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்புச் சுருள் ஐந்து சுற்று) என்கிற அளவை ஒட்டி இருந்தால் இழுவை கைக்குத் தெரியாது. மற்றவற்றுக்கு 6க்கு 1 ஒட்டி இருக்கலாம். நரம்பு 10 முதல் 14 பவுண்டு ஃப்ளூரோகார்பன். அது தண்ணீரில் மூழ்கும், மெல்லியதாக எடுத்தால் லூர் இன்னும் ஆழம் போகும். அவ்வளவு சீக்கிரம் மூழ்காத மோனோ (நைலான் ஒற்றை இழை), ஆழம் குறைவாக ஓட்ட நல்லது. பின்னல் நரம்பு கிட்டத்தட்ட நீளவே நீளாது, அதைத்தான் போடுவேன் என்றால் ராடு இன்னும் இளகியதாக இருக்கணும்.

இளகிய ராடில் சுண்டுகிற பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளணும். கடி தெரிந்ததும் மேலே வெட்டி இழுக்காதீர்கள், சுற்றுவதை நிறுத்தாமல் ராடைப் பக்கவாட்டில் ஒரு வீச்சாகக் கொண்டுபோங்கள், கனம் ஏறியதும் முள் தானே இறங்கிவிடும். முள் கூராக இருப்பது ரொம்ப அவசியம், நகத்தின் மேல் வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும்.

முதன்முதலாக ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள் என்றால் 7 அடி, மீடியம் ஹெவி, மாடரேட், காம்போசிட், 10 முதல் 21 கிராம் வரை தாங்குவது என்று கேளுங்கள். ஸ்கொயர்பில்லில் பெரியவையும் நடுத்தர வகையும் இதில் அடங்கிவிடும். பாப்பர் மாதிரி ட்ரெபிள் ஹூக் உள்ள, நீர்ப்பரப்பில் ஓடுகிற லூர்களுக்கும் இதே ராடு கைகொடுக்கும். ஜிக், டெக்சஸ் ரிக் (முள் முனையை ரப்பர் புழுவுக்குள் மறைத்துக் கட்டுவது), தவளை லூர் மூன்றையும் மட்டும் இதில் கட்டாதீர்கள், அவற்றின் தடித்த முள்ளை இறக்குகிற விறைப்பு இதில் இல்லை.