பழைய வேட்டைத் தோட்டாவை அடையாளம் காண்பது எப்படி?

பழைய தோட்டா ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் குண்டின் நுனியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் கவிழ்த்துப் பிடித்து அடியைப் பார்க்கச் சொல்வேன். பெயரைக் கடைசியாக நம்புங்கள்.

அதற்கு முன் ஒரு கண்டிப்பு. சுடப்படாத தோட்டா நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கக்கூடியது. குண்டைப் பிடுங்காதீர்கள், அடியைத் தட்டாதீர்கள், பழைய துப்பாக்கியில் போட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம். வைத்திருக்க உரிமம் தேவையா என்று விசாரித்துவிடுங்கள். களிம்பை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பளபளக்கத் தேய்த்தால் அடியில் பொறித்த முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

இப்போது அடி. விளிம்பு, மருந்து அடைத்த பித்தளைக் கூட்டைவிட அகலமாக வெளியே நீண்டிருந்தால் அது பழைய வழி: .45-70, .30-30, .303 எல்லாம் இப்படித்தான். விளிம்பு கூட்டின் அகலத்திலேயே நின்று, அதற்கு மேல் ஒரு பள்ளம் ஓடினால் ஜெர்மன் துப்பாக்கி நிறுவனமான மௌசரின் வழி, 7×57, .30-06 இரண்டும் அந்தக் குடும்பம். துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியில் அடுக்கும்போது விளிம்புகள் ஒன்றில் ஒன்று சிக்காது. பள்ளத்துக்கு மேல் பித்தளைப் பட்டை ஒன்று சுற்றியிருந்தால், பெரும்பாலும் 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னமோ அதன் வாரிசோ. அந்தத் தோட்டாவின் தோள், அதாவது கூடு கழுத்தாகச் சுருங்கும் இடம், மிகச் சாய்வானது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் சரியான இடத்தில் நிறுத்தப் பட்டை தேவைப்பட்டது. பின்னால் வந்த பல மேக்னம்களுக்கு, அதாவது கூடுதல் வலுவுள்ள தோட்டாக்களுக்கு, தோளே போதும். அவற்றில் பட்டை வெறும் விளம்பர ஒட்டியாணம்.

பெயரில் உள்ள எண்களுக்கு நாட்டுக்கு நாடு இலக்கணம் வேறு. அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்ற .45-70 என்றால் 0.45 அங்குலக் குழல், 70 கிரெய்ன் கருமருந்து. ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம். அதன் 405 கிரெய்ன் ஈயக்குண்டு 26 கிராமுக்குச் சற்று மேல்; உள்ளங்கையில் வைத்தாலே கனம் தெரியும். 1895-இல் வந்த .30-30-இலும் இரண்டாவது எண் மருந்தளவுதான், ஆனால் புகையற்ற மருந்து. .30-06-இல் 06 என்பது 1906ஆம் ஆண்டு. 1915-இன் .250-3000-இல் 3000 என்பது நொடிக்கு இத்தனை அடி என்ற வேகம். அந்த முழு எண்ணை எட்டுவதற்காகவே 87 கிரெய்ன் எடையுள்ள சின்னக் குண்டைப் போட்டார்கள். .38-40-இன் குண்டோ உண்மையில் 0.40 அங்குலம். இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

பிரிட்டிஷ்காரர்கள் சாய்கோடு போட்டால், முன்னது தாய்க் கூடு, பின்னது சுருக்கிய அளவு: .577/450, .500/465. .450-க்கும் .500-க்கும் நடுவில் ஏன் இத்தனை அளவுகள்? 1907-இல் இந்தியாவில் .450 அளவுக்குத் தடை வந்தது. ராணுவத் துப்பாக்கிகளுக்குக் கள்ளத் தோட்டா போய்விடும் என்ற பயம். லண்டன் துப்பாக்கி நிறுவனமான ரிக்பி 1898-இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற வேட்டைத் தோட்டாவும் அதில் மாட்டிக்கொண்டது. எனவே .465, .470 என்று சற்றே தள்ளிப்போனார்கள்.

கூட்டின் பருமனையும் கவனியுங்கள். யானை, காட்டெருமைக்கான பிரிட்டிஷ் தோட்டாக்கள் அவ்வளவு பெரிதாக இருப்பது பலத்துக்கு மட்டுமல்ல. கார்டைட் என்ற பிரிட்டிஷ் புகையற்ற மருந்து வெப்பத்தில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அழுத்தம் கூடினால் பித்தளை அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், காலிக் கூடு வெளியே வராது; பாய்ந்து வரும் யானை அதற்காகக் காத்திருக்காது. 1911-இன் .416 ரிக்பி, பெரிய கூட்டில் குறைந்த அழுத்தம் என்ற இந்தக் கணக்கில் பிறந்ததுதான். மான் சுட வந்த .30-30-க்கு இந்தத் தொந்தரவு இல்லை, கூடும் ஒல்லி.

ஐரோப்பிய முறை நேர்மையானது: 9.3×62 என்றால் குழல் அளவும் கூட்டின் நீளமும், மில்லிமீட்டரில். கூடவே ‘ஆர்’ இருந்தால் விளிம்புள்ளது. ஆனால் 8×57-இல் மட்டும் எழுத்தை விடாமல் படியுங்கள். 1888-இன் குண்டு 0.318 அங்குலம், 1905-இல் வந்த ‘எஸ்’ வகை 0.323. வித்தியாசம் 0.13 மில்லிமீட்டர்தான். பழைய ஒடுங்கிய குழலில் அகலக் குண்டு நுழைந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

முத்திரையில் ‘டபிள்யூ.ஆர்.ஏ.’ என்றால் வின்செஸ்டர், ‘யூ.எம்.சி.’ என்றால் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ். ஒரே தோட்டாவுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதும் உண்டு: 7×57-ஐத்தான் பிரிட்டனில் .275 ரிக்பி என்று விற்றார்கள்.

கடைசியில் வெர்னியர் காலிப்பர். குண்டு கூட்டுக்குள் நுழையும் இடம், கழுத்து, விளிம்பு, கூட்டின் நீளம் ஆகியவற்றை அளந்து தோட்டா அட்டவணையோடு ஒப்பிடுங்கள். முத்திரை .30-06 என்று சொல்ல, குண்டு 0.257 அங்குலம்தான் இருக்கிறதா? யாரோ கழுத்தை இறுக்கி .25-06 ஆக்கியிருக்கலாம். தோட்டாவைப் போட்டு வைக்கும் உறையின் மேல் முத்திரையையும் அளவையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.